மெசின் லேர்னிங்கால் பேட்டன்ட் தகுதியைக் கணிக்க முடியுமா?

கேள்வி சுருக்கமாக: கிளிநொச்சியில் இறுதியாண்டுப் புரொஜெக்ட். வயலின் மண் ஈரத்தை அளந்து எவ்வளவு நீர் விடவேண்டும் என்று சொல்லும் மென்பொருள். இதற்கு ஆக்கவுரிமை, அதாவது பேட்டன்ட், பெறத் தகுதி உண்டா என்று ஒரு மொடல் முன்கூட்டியே சொல்லுமா?

ஓரளவு சொல்லும். ஆனால் அது கணிப்பது அமெரிக்க ஆக்கவுரிமைப் பரிசோதகர் விண்ணப்பதாரருக்கு அனுப்பும் முதற்கடிதத்தில் என்ன எழுதுவார் என்பதை மட்டுமே. நீதிமன்றம் என்ன சொல்லும் என்பது வேறு கதை.

தரவு இலவசம். அமெரிக்க ஆக்கவுரிமை அலுவலகம் 2008 முதல் 2017 நடுப்பகுதி வரை அனுப்பிய 44 இலட்சம் கடிதங்களின் விபரத்தை வெளியிட்டிருக்கிறது. எதற்கு பேட்டன்ட் தகுதி உண்டு என்று சொல்வது அமெரிக்க ஆக்கவுரிமைச் சட்டத்தின் 101ஆம் பிரிவு. அந்தப் பிரிவில் நிராகரித்ததா என்று தரவில் ஒரு நிரல் இருக்கும். அதை அப்படியே லேபலாக, அதாவது மொடல் படிக்கவேண்டிய விடையாக, எடுப்பதுதான் எல்லோரும் விடும் முதற்பிழை. கிளெய்மில், அதாவது எதற்கு உரிமை கோருகிறீர்கள் என்று சொல்லும் வாக்கியத்தில், ‘சேமிப்பு ஊடகம்’ என்று மட்டும் எழுதினால் அது வெறும் சமிக்ஞையையும் உள்ளடக்கும் என்று 101இல் தட்டிவிடுவார்கள்; ஒரு சொல் சேர்த்தால் சரியாகிவிடும். பயன்பாடில்லை என்ற நிராகரிப்பும் அதே 101தான். உங்களுக்கு வேண்டியது ‘அருவக் கருத்து’ என்ற நிராகரிப்பு. அருவக் கருத்தைக் கணினியில் ஓட்டினால் மட்டும் தகுதி வராது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஆலிஸ் தீர்ப்பு. ஆகவே அந்தத் தீர்ப்பைக் குறிப்பிடும் கடிதங்களைக் காட்டும் தனி நிரலால் வடிகட்டுங்கள்.

அந்தத் தீர்ப்பு வந்தது 2014 ஜூன் 19. அதற்கு முந்திய கடிதங்களைக் கலந்தால் ஒரே மாதிரியான கிளெய்முக்கு இரண்டு விடை இருக்கும். சோதனைத் தொகுதியையும் எழுமாறாகப் பிரிக்காமல் திகதியால் பிரியுங்கள்: பழையதில் பயிற்சி, புதியதில் சோதனை. ஒரே கண்டுபிடிப்பிலிருந்து கிளைத்த தொடர் விண்ணப்பங்களில் கிளெய்ம்கள் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். அவை இரு பக்கமும் விழுந்தால் மொடல் விடையை மனப்பாடம் செய்துவிடும்.

இன்னொரு பொறி: வழங்கப்பட்ட பேட்டன்டின் கிளெய்மை எடுக்காதீர்கள். அது நிராகரிப்புக்குப் பிறகு திருத்தப்பட்டிருக்கலாம். வழங்கலுக்கு முன் வெளியான விண்ணப்பத்தின் முதலாம் கிளெய்மை எடுங்கள்.

மொடல் பெரிதாக வேண்டாம். ஒற்றைச் சொல், இரட்டைச் சொல் எண்ணிக்கையை டிஎஃப்-ஐடிஎஃப் (அரிய சொல்லுக்குக் கூடிய எடை) ஆக்கி, லொஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற எளிய வகைப்படுத்தியில் விடுங்கள். ஒரு இலட்சம் கிளெய்முக்கு 8 ஜிபி லப்டொப் போதும். சொல்லின் சூழலையும் படிக்கும் பேர்ட் வகை மொடல் பிறகு பார்க்கலாம். மூல பேர்டுக்கு 512 டோக்கன், அதாவது சொற்துண்டு, எல்லையும் உண்டு. நிராகரிப்பு சிறுபான்மை என்பதால் மொத்தத் துல்லிய வீதம் ஏமாற்றும். பிரிசிசன் (மொடல் நிராகரிப்பு என்றவற்றில் எத்தனை சரி), ரீகோல் (உண்மையான நிராகரிப்புகளில் எத்தனையைப் பிடித்தது) இரண்டையும் தாருங்கள். வணிக முறைகளுக்கான ஜி06கியூ வகுப்புக்குள் மட்டும் தனியாகவும் சோதியுங்கள். அங்கே புள்ளி சரிந்தால் மொடல் படித்தது துறையின் பெயரைத்தான், தகுதியை அல்ல.

உங்கள் புரொஜெக்டையே இரண்டு கிளெய்மாக எழுதிப் பாருங்கள். முதலாவது: ‘ஈரமானியின் அளவீட்டைப் பெறுதல், தேவையான நீரைக் கணித்தல், திரையில் காட்டுதல்.’ திரட்டு, கணி, காட்டு என்ற இதே கோலம்தான் 2016இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் எலெக்ட்ரிக் பவர் குரூப் வழக்கில் விழுந்தது. இரண்டாவதில் ஒரு படி கூட்டுங்கள்: ‘கணித்த அளவு ஓடிமுடியும்வரை வாய்க்கால் துருசின் கதவை மோட்டாரால் திறந்து வைத்திருத்தல்.’ சட்டப்படி இது மிகவும் பலமானது. ஆனால் சொல் எண்ணும் மொடலுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சொற்பை. மறுபுறம் ‘சேவர்’ என்பதை ‘இயந்திரம்’ என்று மாற்றினால் புள்ளி ஏறலாம், சட்டத்தில் ஒன்றும் மாறாது. இந்த இரண்டு சோதனையையும் அறிக்கையில் கட்டாயம் போடுங்கள். மேற்பார்வையாளர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.

கொழும்பில் விண்ணப்பிப்பதற்கு இந்தப் புள்ளி உதவாது. இங்கே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன் 62ஆம் பிரிவு கணித முறைகளையும் வணிகம் செய்யும் முறைகளையும் நேரடியாகவே விலக்குகிறது. அருவக் கருத்தா, ஆமெனில் அதற்கு மேல் ஏதும் உண்டா என்ற ஆலிஸின் இரு படிச் சோதனை அதில் இல்லை. அந்தப் பிரிவு நீளமானதல்ல. அச்செடுத்து, துருசு வரும் கிளெய்மோடு பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.