வாசகர் கேள்விகள்: காற்றாலைக்குக் கீழே ஆமைகள்

கேள்வி: காற்றாலை இறக்கையில் அடிபட்டுப் பறவைகளும் வௌவால்களும் சாவதைப் பற்றிப் படித்திருக்கிறேன். தரையில் வளை தோண்டி வாழும் பாலைவனப் பிராணிகளுக்கு அதனால் என்ன கெடுதல் வந்துவிடும்? இறக்கைதான் அவற்றுக்கு எட்டாத உயரத்தில் சுற்றுகிறதே!
– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: இறக்கை எட்டாதுதான். ஆனால் அதைத் தாங்கும் கோபுரத்தை நிறுத்தப் பள்ளம் தோண்டுகிறார்கள், கான்கிரீட் கொட்டுகிறார்கள், கிரேனும் லாரியும் வந்து போகச் சரிவை வெட்டி மண்சாலை போடுகிறார்கள். வளையில் வாழும் பிராணிக்குக் கெடுதல் இந்த வேலைகளால்தான் வருகிறது.

கல்லூரியில் விலங்கியல் கற்பித்த காலத்தில் இதற்கு நான் விடாமல் சொன்ன உதாரணம் தென் கலிபோர்னியாவின் பாலைவன ஆமை. பாம் ஸ்பிரிங்ஸ் நகருக்கு அருகில் சான் கோர்கோனியோ கணவாயில் காற்றாலைகள் கூட்டமாக நிற்கின்றன. அங்குள்ள மேசா காற்றாலைப் பண்ணைக்குள்ளேயே இந்த ஆமைகள் வாழ்கின்றன. தன் வாழ்நாளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை வளைக்குள் கழிக்கிற பிராணி இது. அது தோண்டும் வளையின் வாயைப் பார்த்தாலே யார் வீடு என்று தெரிந்துவிடும். அடி தட்டையாக, மேல்புறம் வில்லாக வளைந்து, ஆமையின் ஓட்டைக் குறுக்கே அறுத்து வைத்தது போல இருக்கும். பதினைந்து வயதை ஒட்டித்தான் முட்டையிடும் பருவத்துக்கு வரும். எனவே ஒரு பெட்டை ஆமை செத்தால் அந்த இழப்பு ஈடாக வெகுகாலம் ஆகும். 1990இல் அமெரிக்க அரசு இதை அபாயத்திலுள்ள இனமாக அறிவித்தது.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் ஜெஃப்ரி லோவிச்சும் அவருடைய சக ஆய்வாளர்களும் மேசாவில் பல ஆண்டுகள் ஆமைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சாலையையும் காற்றாலையின் கான்கிரீட் அடித்தளத்தையும் விட்டு ஆமைகள் விலகி ஓடியிருக்கும் என்றுதானே நினைப்போம்? அவை அவற்றின் அருகிலேயே வளை தோண்டியிருந்தன. சாலைக்கு அடியில் மழைநீர் போகப் பதித்த குழாய்களையும் வளையாக எடுத்துக்கொண்டன. அங்கேதான் ஆபத்து. பெருமழையில் வெள்ளம் அடித்துவரும் மணல் குழாயை அடைத்துக்கொள்கிறது. உள்ளே படுத்திருக்கும் ஆமையால் வெளியே வர முடிவதில்லை. அப்படி ஓர் ஆமை உள்ளேயே மாண்டதை அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதைப் படித்ததிலிருந்து எந்தச் சிறுபாலத்தைக் கடந்தாலும் குனிந்து உள்ளே பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான முடிவு ஒன்றும் அதே இடத்திலிருந்து வந்தது. 2015இல் வெளியான ஆய்வின்படி, பண்ணைக்குள் வாழும் ஆமைகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு 96 பிழைத்தன. பக்கத்தில் மனிதர் கை படாத இயற்கை நிலத்தில் 92தான். பண்ணைக்குள் பொதுமக்கள் நுழைய முடியாது, மண்சாலையில் வண்டிகள் குறைவு, ஆமையைத் தின்னும் விலங்குகளின் நடமாட்டமும் மாறியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் காரணம் சொன்னார்கள். இதை வைத்துக்கொண்டு ‘காற்றாலை ஆமைக்கு நல்லது’ என்று எழுதுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. மேசா 1980களில் அமைந்த பழைய பண்ணை. அங்கே வேலை நடந்தபோது எத்தனை வளைகள் மூடுண்டன என்பதைப் பிழைத்தவற்றை எண்ணித் தெரிந்துகொள்ள முடியாது. கட்டுவதற்கு முன்பும் பின்பும் ஒரே நிலத்தை ஒப்பிட்ட ஆய்வுகள் மிக அரிது என்பதை லோவிச்சே எழுதியிருக்கிறார்.

இரைச்சலையும் சொல்ல வேண்டும். இது பாலைவனமல்ல, அதே மாநிலத்தின் ஆல்டமான்ட் கணவாய்ப் புல்வெளி. காற்றாலை இரைச்சலுக்கு நடுவே வாழும் தரை அணில்கள், அமைதியான இடத்து அணில்களை விட அதிக எச்சரிக்கையோடு இருந்தன. அபாயக் குரலைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டதும் வளையை நோக்கி விரைந்தன. காதால் எதிரியை அறிய முடியாத குறையைக் கண்ணால் ஈடு செய்கின்றன என்று தோன்றுகிறது. மேய வேண்டிய நேரம் அதில் கழிந்துவிடுகிறது.

கேள்வி: ராஜஸ்தான் பாலைவனத்திலும் இதே நிலைதானா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அங்கே கானமயில் என்ற பெரிய தரைப்பறவையைச் சொல்ல வேண்டும்; அதற்கு முதல் எதிரி மின்கம்பி. கானமயில் தரையில் நடந்து இரை தேடும், தரையிலேயே வழக்கமாக ஒரே ஒரு முட்டையிடும். பறக்கும்போது நேர் முன்னால் இருப்பது அதற்குச் சரியாகத் தெரியாது. உடலும் கனம் என்பதால் கம்பியை நெருங்கிய பிறகு சட்டென்று திரும்ப முடிவதில்லை. ஜெய்சல்மேர் பக்கம் காற்றாலை, சூரிய மின் நிலையங்களிலிருந்து கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கானமயில் வாழும் பகுதிகளில் கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது. செலவு அதிகம் என்பது அரசுத் தரப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. எனக்கும் காற்று மின்சாரம் வேண்டும். அதற்காகக் கானமயிலின் கடைசி இருப்பிடத்தின் மேல்தான் கம்பி இழுக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.