கரை இறங்காத நாள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், அங்கிருந்து பினாங்கு சென்று திரும்பும் மூன்று இரவுக் கப்பல் பயணத்துக்கு எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறான். பயண நிரலில் மூன்றாம் நாளுக்கு நேரே ஊர்ப் பெயர் இல்லை. ‘கடலில்’ என்று மட்டும் இருக்கிறது. நாள் முழுவதும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வது? என் கணவருக்குப் பேருந்தில் போனாலே குமட்டும்.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்குக் கடல்வழி ஏறத்தாழ 700 கிலோமீட்டர், கப்பல் நினைத்தால் ஒரே நாளில் கடந்துவிடலாம். ஆனால் இரவில் புறப்பட்டு, மறுநாள் முழுவதும் நிதானமாக ஓடி, அதற்கடுத்த காலையில்தான் கரை சேரும். வேகம் குறைந்தால் எரிபொருள் மிச்சம். பயணிகள் கப்பலுக்குள்ளேயே இருந்தால் கடைகளிலும் காசினோவிலும் வியாபாரம் நடக்கும். ஆகவே அது வழிப்பயணத்தில் வீணாகும் நாள் அல்ல, திட்டமிட்டே ஒதுக்கப்பட்ட நாள்.

அன்றைய நிகழ்ச்சிகளை முந்தைய இரவே தெரிவித்துவிடுவார்கள். அதில் உள்ள எல்லாவற்றுக்கும் ஓடினால் மாலையில் கால்தான் வலிக்கும்; இரண்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். யாரும் ஊர் சுற்ற இறங்காத நாள் என்பதால், காலை எட்டரை மணிக்கு மேல் பஃபே கூடத்தில் கல்யாணப் பந்தியின் நெரிசல் இருக்கும். மேசைக்கே வந்து பரிமாறும் உணவறைக்குப் போனால் நிம்மதியாகச் சாப்பிடலாம். சைவம் என்பதை முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது.

மலாக்கா நீரிணை சுமத்ராவுக்கும் மலாய் தீபகற்பத்துக்கும் இடையில் ஒதுங்கிக் கிடப்பதால், திறந்த கடலின் பெரிய அலைகள் அங்கே பெரும்பாலும் எட்டுவதில்லை. இருந்தாலும் ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில், விடியலை ஒட்டிச் சுமத்ரா பக்கமிருந்து திடீர்க் காற்றும் மழையும் வந்து ஓரிரு மணி நேரத்தில் ஓய்வதுண்டு. அதற்குப் பெயரே ‘சுமத்ரா’தான். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்து அறையில் ஆட்டம் குறைவு. முடிந்தால் மகனிடம் சொல்லி அறையை மாற்றிக்கொள்ளுங்கள். குமட்டல் தொடங்கினால் அறைக்குள் படுத்துப் புத்தகம் படிக்காமல், வெளித்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்க்கட்டும். மாத்திரை குமட்டல் வருமுன் போட்டால்தான் பலன் தரும். எது ஏற்றது என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அந்தக் கடலில் பார்ப்பதற்கு ஏதாவது உண்டா?
– அதே வாசகி

பதில்: ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் கடக்கும் பாதை அது. நம் சாலையில் இடப்பக்கம் போவதைப் போல் அல்லாமல், கடலில் வலப்பக்கம் ஒதுங்கிப் போவதே முறை. நீங்கள் தெற்கு நோக்கித் திரும்பும்போது எதிரே வரும் கப்பல்கள் இடப்பக்கமாகக் கடக்கும். ஆகவே மாலையில் நாற்காலியை அந்தப் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். நீரிணை குறுகக் குறுக எண்ணெய்க் கப்பலும் பெட்டிகள் அடுக்கிய சரக்குக் கப்பலும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பாரம் ஏற்றிய எண்ணெய்க் கப்பல் நீரில் அமிழ்ந்து தாழ்வாகவும், காலிக் கப்பல் அடிப்பகுதியின் சிவப்புச் சாயம் தெரிய உயர்ந்தும் நிற்பதை ஒருமுறை கவனித்துவிட்டால், பிறகு வரும் ஒவ்வொன்றையும் நீங்களே கணிக்கத் தொடங்குவீர்கள். பினாங்குக்கு வடக்கே இருக்கும் கெடாதான் 1025-இல் முதலாம் இராஜேந்திரனின் கடற்படை சென்று தாக்கிய கடாரம் என்பதையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். குமட்டல் சற்று மறக்கும். நண்பகல் வெயில் மட்டும் வேண்டாம். நிலநடுக்கோட்டுக்கு அருகே அது நம் கத்திரி வெயிலுக்குச் சளைத்ததல்ல.

கேள்வி: கைப்பேசி வேலை செய்யுமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: கரையை ஒட்டிச் செல்லும்போது மலேசியக் கோபுரத்தின் சிக்னல் சில நேரம் கிடைக்கும். விலகிப் போனதும், கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் கைப்பேசி தானாகவே சேர்ந்துகொண்டால் கட்டணம் கடுமையாக ஏறிவிடும். கப்பல் கிளம்புமுன் விமானப் பயண நிலைக்கு மாற்றிவிட்டு, தேவையானால் வைஃபையை மட்டும் காசு கட்டி வாங்குங்கள். வீட்டுக்குப் பேச வேண்டியதைப் பினாங்கில் இறங்கும்போதே பேசி முடித்துவிடலாம்.