ஏரியின் இளமை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். டெக்சாஸில், டாலஸ் நகரின் புறநகர் ஒன்றில் பதினொரு ஆண்டுகளாக வசித்து வருகிறேன். என் அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற அமெரிக்கர் ஒருவர் சென்ற ஏப்ரல் மாதம் என்னை லேக் ஃபோர்க் ஏரிக்குப் பாஸ் மீன் பிடிக்க அழைத்துச் சென்றார். காலை ஐந்தரை மணிக்குப் படகில் ஏறி மாலை நான்கு மணிக்கு இறங்கினோம். கிடைத்தவை மூன்றே மீன்கள். இரண்டு சிறியவை. மூன்றாவது பதினெட்டு அங்குலம் இருந்தது. அதையும் அளவுப்பலகையில் வைத்துப் பார்த்துவிட்டு நீரிலேயே விட்டுவிட்டார். ஆனால் நாள் முழுவதும் அவர் 1988-ஆம் ஆண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நீருக்குள் நிற்கும் பட்டமரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருந்தார். படகுத்துறைக் கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த மற்ற முதியவர்களும் அதையேதான் பேசினார்கள். அவர்கள் பார்க்கும் ஏரி என் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

பழைய நாட்களைப் பற்றிய ஏக்கம் எல்லாமே உண்மையில் நம் இளமையைப் பற்றிய ஏக்கம்தான் என்று நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். இவர்களுடையதும் அதுதானா? தூண்டில்காரர்களின் புளுகு உலகம் அறிந்ததுதானே? ஏரிக்குள் அத்தனை மரங்களை வெட்டாமல் ஏன் விட்டுவைத்தார்கள்? அந்த மூன்றாவது மீனை அவர் ஏன் விட்டுவிட்டார் என்று அவரிடமே கேட்கவும் கூச்சமாக இருந்தது.

அன்புடன்,
கா. ம.

அன்புள்ள கா. ம. அவர்களுக்கு,

நான் அப்படி எழுதியது உண்மைதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. உங்கள் நண்பர் தம் இளமையை ஏரியின் மேல் ஏற்றிப் பேசவில்லை. 1988-இல் அந்த ஏரியே இளமையாக இருந்தது. தூண்டில்காரர்கள் மீனின் எடையில் புளுகுவார்கள், நழுவிப்போன மீனின் நீளத்தில் இன்னும் தாராளமாகப் புளுகுவார்கள். ஆனால் ‘அந்த ஏரி அந்த ஆண்டுகளில் வேறாக இருந்தது’ என்று அவர்கள் சொன்னால் பெரும்பாலும் அதை நம்பலாம் என்பது என் அனுபவம்.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் பாஸ் மீனுக்குப் பேர்போன பெரிய ஏரிகளில் பல இயற்கையாக அமைந்தவை அல்ல. அணை கட்டித் தேக்கியவை. அணையை மூடிய பின் நீர் ஏறும்போது புல்வெளி, பண்ணை நிலம், புதர், காடு எல்லாம் மூழ்குகின்றன. மண்ணிலும் இலைதழையிலும் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த சத்தெல்லாம் நீரில் கரைகிறது. அதில் நுண்ணுயிர்கள் பெருகி, அவற்றைத் தின்னும் பூச்சிகளும் சிறுமீன்களும் பெருகி, அவற்றை விழுங்கும் பாஸ் மீனுக்கு ஆண்டு முழுவதும் விருந்தாகிறது. குஞ்சுகள் ஒளிந்துகொள்ளப் புதரும் வேர்களும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. போட்டிக்கும் பெரிய மீன்கள் இல்லை. அந்த முதல் சில ஆண்டுகளில் பிறந்த குஞ்சுகள் பிழைப்பதைப் போலவும் வளர்வதைப் போலவும் பிற்காலத்தில் பிறந்தவை வளர்வதில்லை. பிறகு சத்து குறைகிறது, மரங்கள் உளுத்து விழுகின்றன, வண்டல் படிகிறது. மீன் வளத்துறையினர் இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் நன்றாக அறிவார்கள். ஏரிக்கு வயதாகிறது என்பது இங்கே வெறும் உவமை அல்ல.

லேக் ஃபோர்க்கின் அணை 1980-இல் முடிந்தது. 1985-இன் இறுதியில்தான் ஏரி முழுதாக நிறைந்தது. பரப்பு ஏறத்தாழ 27,000 ஏக்கர். டெக்சாஸ் மாநில அரசின் மீன் வளத்துறை ஏரி நிறைவதற்கு முன்பே அந்தப் பள்ளத்தாக்கின் பண்ணைக் குட்டைகளில் புளோரிடா இனப் பெருவாய் பாஸ் குஞ்சுகளை விட்டு வளர்த்தது; அந்த இனம் வடக்கத்திய இனத்தைவிட மிகப் பெரிதாக வளரக்கூடியது. மரங்களை வெட்டாமல் விட்டதும் தெரிந்தே செய்ததுதான். நம்முடைய விராலைப் போல இதுவும் மறைவில் கிடந்து பாயும் மீன். விராலைப் போலவே குஞ்சுகளுக்குக் காவலும் இருக்கும். மரம் இல்லாத வெற்று நீரில் அதற்கு வேலை இல்லை.

பலன் விரைவில் தெரிந்தது. 1986 நவம்பரில் மார்க் ஸ்டீவன்சன் என்ற மீன்பிடி வழிகாட்டி அங்கே பதினேழரைப் பவுண்டுக்கும் மேற்பட்ட ஒரு பாஸைப் பிடித்தார். அன்றைக்கு அது மாநிலச் சாதனை. எதல் என்று பெயரிட்டு உயிரோடு வைத்துக்கொண்டார்கள். மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஒரு பெரிய அங்காடியின் கண்ணாடித் தொட்டியில் 1994 வரை அது நீந்திக்கொண்டிருந்தது. (இந்த மீனில் மிகப் பெரியவை எல்லாம் பெண் மீன்களே, அதனால்தான் பெயர்களும் பெண்பெயர்களாக இருக்கின்றன.) பதின்மூன்று பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள மீனைப் பிடித்தவர், இனப்பெருக்கத்துக்காக அதை அரசிடம் இரவல் கொடுக்கும் திட்டம் அந்த மீனிலிருந்துதான் தொடங்கியது. எதலின் சாதனையை 1992 ஜனவரி 24 அன்று அதே ஏரியில் பாரி செயின்ட் கிளேர் முறியடித்தார், 18.18 பவுண்டு. வேடிக்கை என்னவென்றால், அவர் அன்று பாஸ் பிடிக்கப் போகவே இல்லை. கிராப்பி என்னும் சிறுமீனுக்காகக் கெண்டைக்குஞ்சு கோத்த தூண்டிலைப் போட்டிருந்தார். உங்கள் நண்பரின் 1988 இந்த இரண்டு மீன்களுக்கும் நடுவில் வருகிறது. அணை மூடி எட்டே ஆண்டுகள். அவர் பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

நானும் அந்த ஏரிக்கு ஒருமுறை போயிருக்கிறேன், அதுவும் அதன் நல்ல காலம் போன பிறகு. ஒரு மார்ச் மாதக் காலை. படகை ஓட்டியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முதலில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் புழுவைக் கோக்கக் கற்றுக்கொடுத்தார். துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் துளையிட்ட ஈயத்தைத் தூண்டில் நரம்பில் ஏற்றி, அதற்குக் கீழே முள்ளைக் கட்டி, முள்ளின் நுனியைப் புழுவின் தலையில் குத்தி வெளியே எடுத்து, திருப்பி, மறுபடியும் அதன் உடலுக்குள்ளேயே புதைத்துவிட வேண்டும். முள் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் முதல் கிளையிலேயே மாட்டிக்கொள்ளும். இந்தக் கோப்புக்கு டெக்சாஸின் பெயரே வழங்குவது பொருத்தம்தான், ஏனென்றால் இப்படி மரம் நிற்கும் நீருக்காகவே அமைந்தது போன்ற முறை அது. புழுவை அடிமரத்தின் ஓரமாக இறக்கி, தரையில் தட்டும் வரை காத்திருந்து, மெல்லத் தூக்கித் தூக்கி இழுத்தேன். மீன் கடிப்பது இழுப்பாக வராது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். வரவுமில்லை. நரம்பின் மேல் வைத்திருந்த ஆட்காட்டி விரலில், யாரோ கதவை ஒரு விரல் கணுவால் ஒரே ஒருமுறை தட்டியதைப் போல இருந்தது. அவ்வளவுதான். நான் சுண்டுவதற்குள் போய்விட்டது. அந்த மீன் எவ்வளவு பெரியது என்று யாராவது கேட்டால் நானும் உரிய அளவு புளுகுவேன்.

ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது அதுவல்ல. அவர் அடிக்கடி, நீருக்கடியில் உள்ளதைக் காட்டும் சோனார் திரையைக் காட்டி, ‘இது குட்டைக் கரை, இது வேலி வரிசை, இது பழைய சாலை’ என்று சொல்லிக்கொண்டே வந்தார். பண்ணைக் குட்டைகளின் மண்கரைகள், வயல் எல்லையில் நின்ற மரவரிசைகள், வண்டிப்பாதைகள் எல்லாம் நீருக்கடியில் மேடாகவும் பள்ளமாகவும் அப்படியே இருக்கின்றன. பாஸ் மீன்கள் அவற்றின் ஓரங்களையே பற்றிக்கொண்டு திரிவதால், தூண்டில்காரர்களின் பேச்சில் அந்தப் பெயர்கள் இன்னும் வழங்குகின்றன. உழுது பயிரிட்ட ஒரு நிலத்தின் வரைபடத்தை மீன் பிடிப்பவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது உங்கள் நண்பரிடம் எத்தனை பவுண்டு என்று கேட்காமல், எந்தக் குட்டைக் கரையில் என்று கேட்டுப் பாருங்கள். அவர் பேசுவதில் ஒரு மாற்றம் தெரியும்.

இளமை திரும்பவும் வரும் என்பதற்கும் டெக்சாஸிலேயே சான்று இருக்கிறது. மேற்கே ஓ. எச். ஐவி என்ற ஏரி 1990-இல் தேக்கப்பட்டது. 2011-ஐ ஒட்டிய கடும் வறட்சியில் அது பெருமளவு வற்றி, வெளிப்பட்ட தரையில் ஆண்டுக்கணக்கில் புதர் மண்டியது. பின்னர் பெய்த மழையில் நீர் ஏறி அந்தப் புதர்களை மூழ்கடித்தபோது, ஏரி கிட்டத்தட்டப் புதிதாகப் பிறந்ததைப் போல ஆயிற்று. 2021 தொடங்கி அங்கே பதின்மூன்று பவுண்டைத் தாண்டிய மீன்கள் அடுத்தடுத்து வரத் தொடங்கின. இன்று அங்கே தூண்டில் போடும் இளைஞர்கள் இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்து யாரையாவது படகில் ஏற்றிக்கொண்டு 2021-ஐப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் உங்களுக்கு வந்த சலிப்பே வரும்.

புளுகைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கும் ஆவணப்படி உதாரணம் உண்டு. டென்னஸி, கென்டக்கி எல்லையில் உள்ள டேல் ஹாலோ ஏரியில் டேவிட் ஹேய்ஸ் என்பவர் 1955-இல் பிடித்த 11 பவுண்டு 15 அவுன்ஸ் சிறுவாய் பாஸ்தான் அந்த இனத்தின் உலகச் சாதனை. மீனுக்குள் தானே ஈயத்தைத் திணித்ததாகப் படகுத்துறை ஊழியர் ஒருவர் கொடுத்திருந்த வாக்குமூலம் வெளிப்பட்டதால் 1996-இல் அந்தச் சாதனையை நீக்கினார்கள். வாக்குமூலமே நம்பத்தகாதது என்று 2005-இல் திருப்பிக் கொடுத்தார்கள். ஆக, புளுகினார் என்று சொன்னதே புளுகாகிப்போன கதை இது.

பெருவாய் பாஸின் உலகச் சாதனை இன்னும் விசித்திரமானது. 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தில், ஜார்ஜ் பெர்ரி என்ற இருபது வயது விவசாயி மாண்ட்கோமரி ஏரியில் 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீனைப் பிடித்தார். ஹெலீனா என்ற சிற்றூரில் எடை போட்டு, ஒரு பத்திரிகை நடத்திய போட்டிக்கு விவரத்தை அனுப்பினார். 75 டாலர் பெறுமானமுள்ள பொருட்கள் பரிசாகக் கிடைத்தன. அந்த ஏரி, ஓக்முல்கி ஆறு பாதை மாறியபோது பின்னால் விட்டுச்சென்ற ஒரு வளைவு. இன்று வண்டல் தூர்ந்து சேறும் சதுப்புமாகக் கிடக்கிறது. பாஸ் பிடிப்பவர்களின் வரலாற்றிலேயே மிகப் புகழ்பெற்ற ஏரியில் இன்று தூண்டில் போட இடமில்லை.

அந்தச் சாதனையை எழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு சமன் செய்தவர் ஒரு ஜப்பானியர். 2009 ஜூலை 2 அன்று மனாபு குரிதா, பிவா ஏரியில் பெர்ரியின் மீனைவிட ஓர் அவுன்சுக்கும் குறைவாகக் கூடுதலான மீனைப் பிடித்தார்; இரண்டு அவுன்ஸ் கூடினால்தான் புதிய சாதனை என்பது விதி. பொய் கண்டறியும் சோதனைக்கு உட்பட்டு, ஆறு மாதம் காத்திருந்து, பெர்ரியோடு பெயரைப் பகிர்ந்துகொண்டார். இங்கே நான் சற்று நிற்க விரும்புகிறேன். பாஸ் அந்த நாட்டு மீன் அல்ல. 1925-இல் ஹகோனேயின் ஆஷி ஏரியில் முதன்முதலாக விட்டார்கள். குரிதா இரையாகப் போட்ட உயிருள்ள புளூகில் என்னும் சிறுமீனும் அந்நியமே. 1960-இல் அமெரிக்கா சென்ற பட்டத்து இளவரசர் அகிஹிதோவுக்குச் சிகாகோ மேயர் கொடுத்த அன்பளிப்பின் சந்ததி அது. 2007-இல் பேரரசராகப் பிவா ஏரிக்கரையில் பேசும்போது அவர் அதற்காக வெளிப்படையாக மனம் வருந்தினார். ஏரியின் சொந்த மீனான நிகொரொபுனாவைச் சோற்றில் புளிக்கவைத்துத் தின்பது அந்த வட்டாரத்தின் பழைய உணவு. அந்த மீன் அருகிவிட்டது. பிடித்த பாஸைத் திரும்ப ஏரியில் விடக் கூடாது என்று பிவா ஏரி இருக்கும் ஷிகா மாகாணம் சட்டமே போட்டு, கரையில் அவற்றைப் போடப் பெட்டிகளும் வைத்திருக்கிறது. பிவாவின் வலைக்காரர்களுக்கும் ‘அந்தக் காலத்து ஏரி’ உண்டு. அது பாஸ் வருவதற்கு முந்தைய ஏரி. உலகின் சிறந்த பாஸ் ஏரிகளைப் பட்டியலிடுவோர் பிவாவை மேலே வைக்கும்போது இதையும் ஒரு வரி எழுதலாம் என்று எனக்குத் தோன்றும்.

கடைசியாக, உங்கள் மூன்றாவது மீன். நண்பர் அதை விட்டது பெருந்தன்மையால் அல்ல. லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. முட்டையிடும் வயதிலுள்ள நல்ல மீன்கள் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. 1999-இல் வைரஸ் நோய் வந்து பெரிய மீன்கள் செத்து மிதந்த பிறகும் அந்த ஏரி பெயரைக் காப்பாற்றிக்கொண்டதில் இந்த விதிக்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஆனால் 16 அங்குலத்துக்குக் குறைந்தவற்றை நாளொன்றுக்கு ஐந்து வரை தாராளமாக எடுத்துச் செல்லலாம். அந்த இரண்டு சிறிய மீன்களை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து புளி கரைத்துக் குழம்பு வைத்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஜார்ஜ் பெர்ரியும் அந்த இருபத்திரண்டு பவுண்டு மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துத் தின்றுவிட்டார்.