மான் வேட்டைக்காட்டின் பெயர்களும் எல்லைகளும்: யார் சொல்வதை எழுதுவது?

கேள்வி: ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் பகுதியில் ஓர் உள்ளூர் வரலாற்றுக் குழுவில் இருக்கிறேன். பழைய மான் வேட்டைக்காடு ஒன்றின் இடப்பெயர்களையும் எல்லைகளையும் பதிவு செய்கிறோம். வரைபடம் ஒன்று சொல்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்கள் வேறொன்று சொல்கிறார்கள். எதை ஏற்பது?

பதில்: இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். எது சரி என்ற தீர்ப்பைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

பெயர்களுக்கு முதல் ஆதாரம், 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் அளவையாளர்கள் நிரப்பிய பெயர்ப் புத்தகங்கள். இணையத்திலேயே படிக்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் அதன் எழுத்து வடிவங்கள், அவற்றுக்குச் சான்று சொன்னவர்கள், இருப்பிடம், சிறு விளக்கம் என்று பத்திகள் இருக்கும். சான்று சொன்னவர் யார் என்பதைத்தான் முதலில் பாருங்கள். நிலவுடைமையாளர், அவருடைய மேலாளர், பாதிரியார் ஆகியோரின் சொல்லுக்கு இருந்த மதிப்பு, ஹைலேண்ட்ஸின் பழைய மொழியான கேலிக்கை நாள்தோறும் பேசிய மேய்ப்பர்களின் சொல்லுக்கு இருந்ததில்லை. ஆகவே முதிய வேட்டை வழிகாட்டி ஒருவர் வரைபடத்துக்கு மாறாக ஒரு பெயரை உச்சரித்தால், அதைத் திருத்திவிடாதீர்கள். அவர் குரலைப் பதிவு செய்து, யாரிடமிருந்து கேட்டறிந்தார் என்பதையும் தேதியையும் குறியுங்கள். கேலிக் எழுத்து வடிவத்தை அந்த மொழி அறிந்தவரோடு உட்கார்ந்து பிறகு முடிவு செய்யலாம்.

பெயர் எதுவரை செல்லும் என்றும் கேளுங்கள். இன்று கெய்ர்ன்கோர்ம்ஸ் எனப்படும் மலைத்தொடரின் பழைய கேலிக் பெயர் அம் மோனா ருவா. கெய்ர்ன் கோர்ம் என்பது அதிலுள்ள ஒரே ஒரு மலை. அதன் பெயர் பிறகு தொடர் முழுவதற்கும் பரவிவிட்டது. வரைபடத்தில் ஒரு புள்ளியை மட்டும் வைத்தால் இப்படிப்பட்ட நகர்வு கண்ணுக்குத் தெரியாது. பெயர் தழுவும் பரப்பை வளைத்துக் காட்டுங்கள்.

எல்லைதான் சிக்கலானது. இங்கே காடு என்றால் மரங்கள் அல்ல. வேட்டைக்கு ஒதுக்கிய மொட்டை மலையும் சதுப்பும்தான். அதற்குச் சொத்து எல்லை ஒன்று, வேட்டைக் குத்தகை எல்லை ஒன்று, வழிகாட்டிகள் தங்களுக்குள் பிரித்துக்கொண்ட பகுதிகளின் எல்லை ஒன்று இருக்கலாம். மூன்றையும் ஒரே கோட்டில் அடைக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டு போடுங்கள். பழைய ஆவணங்கள் பெரும்பாலும் மழைநீர் இருபுறமும் பிரிந்து வடியும் முகட்டையும், ஓடைகளையும், கற்குவியல்களையும் எல்லையாகச் சொல்கின்றன. முகடு இடம் மாறாது, ஓடை மாறும். பிற்காலத்தில் போட்ட மான் வேலியை எல்லை என்று நம்பிவிடாதீர்கள். எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் பண்ணை வரைபடங்கள் ஏராளம். அவற்றை எடுத்துக்கொண்டு போய் மலையில் ஒப்பிடுங்கள். கண்ணால் கண்டதற்கு முழுக்கோடு, கேட்டறிந்ததற்குப் புள்ளிக்கோடு போதும்.

வழிகாட்டிகளைச் சந்திக்க ஆகஸ்ட், செப்டம்பர் வேண்டாம். ஆண் மான் வேட்டை வழக்கமாக அக்டோபர் 20 வரையும், பெண் மான் வேட்டை பிப்ரவரி 15 வரையும் நடக்கும். அதன்பின் வரும் வசந்தத்தில் கேட்டால், உங்களோடு மலையேறவும் அவர்களுக்கு நேரம் இருக்கும்.