ஜிம்முக்குப் போகாமல், சோற்றைக் குறைத்து, வீட்டிலேயே உடற்பயிற்சி செய்தால் உடம்பு ஃபிட் ஆகுமா?

ஆகும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆள் நான். ஜிம் வாசலை மிதிக்காமல்தான் தொப்பையைக் கரைத்தேன். ஆனால் கேள்வியோடு நீங்கள் கொடுத்திருக்கும் விவரத்தைப் பார்த்தால் ஒரு விஷயத்தை முதலில் பேசிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. வயது 38, உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ, "எப்படியாவது 15 கிலோ குறைந்தால் போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 15 கிலோவில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

78-ல் 15 போனால் 63. உங்கள் உயரத்துக்கு பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் எண்) 22.3 வரும். இந்தியர்களுக்கு 18.5-க்கு மேல், 23-க்குக் கீழே இருந்தால் சரியான எடை என்பது கணக்கு. ஆக, தாளில் நீங்கள் பாஸ். இதே 22.3-ஐ வைத்து 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு போட்டோ வந்தது. புனேயின் சர்க்கரை நோய் ஆய்வாளர் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3 தான். ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். கையும் காலும் மெலிந்து, வயிற்றில் மட்டும் கொழுப்பு சேரும் வாகு நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம். இந்த வாகு உள்ளவர் சோற்றை மட்டும் நிறுத்திவிட்டுப் பயிற்சி எதுவும் செய்யாமல் எடையை இறக்கினால், இருக்கிற கொஞ்ச நஞ்சத் தசையும் சேர்ந்து போகும். கன்னம் ஒட்டி, தோள் சரிந்து, "என்னாச்சுங்க, உடம்பு சரியில்லையா?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். தொப்பை மட்டும் அப்படியே நிற்கும்.

அதனால் எடை மெஷினை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தையல் டேப் எடுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டு, தொப்புளை ஒட்டி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள், பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். பேண்ட் சைஸை நம்ப வேண்டாம். தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு "நான் இன்னும் 34 தான்" என்று சொல்லாத ஆண் நம்மில் யார்?

சரி, சாப்பாடு. டயட்டில் இருப்பதாகச் சொல்லும் பாதிப் பேர் ராத்திரி சோற்றுக்குப் பதில் சப்பாத்தி சாப்பிடுகிறார்கள், இன்னும் கொஞ்சம் பேர் ராகிக் களிக்கு மாறியிருக்கிறார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையைப் பார்த்தால், 100 கிராம் பச்சை அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் போல. கோதுமை மாவிலும் கேழ்வரகிலும் 65-ஐ ஒட்டி. நார்ச்சத்து கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் மாவுச்சத்துக் குறைப்பு என்ற கணக்கில் இது பெரிய மாற்றமே இல்லை. நாலு சப்பாத்திக்கு உருளைக்கிழங்கு குருமா தொட்டுக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

வெந்த சோறு 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்து. மதியச் சாப்பாட்டில் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்றுப் போனால் 300 கிராம் சோறு சாதாரணமாக உள்ளே போகும். நான் சோற்றை அடியோடு விடவில்லை. மதியம் ஒரு சின்னக் கிண்ணம் மட்டும் வைத்துக்கொண்டேன். காலையும் இரவும் அரிசி, கோதுமை இரண்டும் கிடையாது. டீக்கடையில் சர்க்கரை இல்லாத டீ, வடையும் பிஸ்கட்டும் கட். இப்படி இருந்தாலே ஒரு நாளைக்கு மாவுச்சத்து 100 கிராம் பக்கத்தில் வந்துவிடும். 50 கிராமுக்குக் கீழே போகும் கீட்டோவை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டில் எல்லோரும் இட்லி சாப்பிடும்போது ஒருவர் மட்டும் வெண்ணெயும் பாதாமுமாக எத்தனை நாள் ஓட்டுவது?

காலையில் முட்டை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 5 கிராம் கொழுப்பு, மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். நாமக்கல் பக்கத்திலேயே இருக்கும்போது எங்களுக்கு முட்டைக்கு என்ன பஞ்சம். இரவுக்குக் கொங்கு நாட்டில் பிறந்தவனுக்குக் கிடைத்த வரம் பள்ளிபாளையம் சிக்கன். கோழி, சின்ன வெங்காயம், கிள்ளிப் போட்ட வரமிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ச் சில். மைதா, சோள மாவு எதுவும் இல்லை. ஹோட்டலில் பொரித்துத் தருகிற சிவப்புச் சிக்கனோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அதில் மாவுதான் பாதி. கூடவே புடலங்காய்ப் பொரியலோ சுரைக்காய்க் கூட்டோ ஒரு தட்டு நிறைய. பொரியல் தொட்டுக்கொள்ள அல்ல, அதுதான் சாப்பாடு. முதலில் அம்மா, "சோறு திங்காம உடம்பு என்னத்துக்கு ஆகும் கண்ணு?" என்று புலம்பிக்கொண்டிருந்தார். அப்புறம் தட்டில் இருக்கும் கோழியின் அளவைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

முதல் வாரத்தில் எடை சரசரவென்று இறங்கும். சந்தோஷப்படலாம், ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் ஈரலிலும் உடம்பு சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் தன்னோடு 3 கிராம் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்து குறைந்ததும் அது கரைந்து தண்ணீரும் வெளியேறுகிறது. ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் மறுநாள் ஒரு கிலோ ஏறி நிற்பதும் இதனால்தான். இன்சுலின் குறையும்போது சிறுநீரில் உப்பும் கூடுதலாகப் போகும். தலைவலி, அசதி, எழுந்தால் கண் இருட்டுவது எல்லாம் அந்த நாட்களில் வருவது பெரும்பாலும் உப்புக் குறைவால். உப்புப் போட்ட மோரோ ஆட்டுக்கால் சூப்போ குடித்தால் சரியாகும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மாவுச்சத்தைக் குறைப்பதில் மாயம் எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. 2018-ல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருஷம் பார்த்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ எடை குறைந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு இது ஒத்து வந்ததற்குக் காரணம், முட்டையும் கறியும் சாப்பிட்டால் பதினொரு மணிக்குப் பசிக்காது. பசிக்காவிட்டால் டீக்கடைப் பக்கம் கால் போகாது.

இனி பயிற்சி. நம் தாத்தாக்கள் தண்டாலும் (புஷ்-அப்) பஸ்கியும் (ஸ்குவாட்) எடுத்தே உடம்பை வைத்திருந்தார்கள். தரையில் தண்டால் எடுக்கும்போது உங்கள் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன. 78 கிலோ ஆளுக்கு அது 50 கிலோ. முதல் நாளே தரையில் இறங்கினால் முடியாமல் போவதில் ஆச்சரியமில்லை. சமையல் மேடையில் கையை ஊன்றி ஆரம்பியுங்கள். அது சுலபமானதும் கட்டில் விளிம்பு, அப்புறம் படிக்கட்டில் இரண்டாவது படி, அப்புறம் தரை. உயரம் குறையக் குறையப் பாரம் கூடும். தலையிலிருந்து குதிகால் வரை உடம்பு பலகை மாதிரி நேராக இருக்க வேண்டும், இடுப்பு தொங்கக் கூடாது. முழங்கை பக்கவாட்டில் விரியாமல் விலாவை நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். இறங்கும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். இருபது தண்டாலைப் படபடவென்று அடிக்கிறவர்களை இப்படி எட்டு எடுக்கச் சொல்லிப் பாருங்கள், கை நடுங்கும்.

எத்தனை தடவை என்று கேட்பீர்கள். எண்ணிக்கை பெரிய விஷயம் இல்லை, இன்னும் இரண்டு மூன்றுக்கு மேல் முடியாது என்ற இடம் வரை போக வேண்டும். பாரம் குறைவாக இருந்தாலும் அந்த இடம் வரை போனால் தசை வளரும். இரும்பு தூக்கினால்தான் தசை வரும் என்பதை நம்பியே பலர் ஆரம்பிக்காமல் இருக்கிறார்கள்.

காலுக்குப் பஸ்கி. முழங்கால் பிடித்துக்கொள்கிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து ஆரம்பிக்கலாம். அப்புறம் ஒரே காலால் படியேறி இறங்குவது.

வீட்டில் கஷ்டமானது முதுகு. தள்ளுகிற பயிற்சிக்குத் தரை போதும், இழுக்கிற பயிற்சிக்கு ஏதாவது ஒன்று வேண்டும். பூங்காவில் கம்பி இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு கெட்டியான பழைய போர்வை போதும். அதன் நுனியில் பெரிய முடிச்சுப் போட்டு, முடிச்சு கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும்படி மேலே போட்டுக் கதவைச் சாத்துங்கள். போர்வையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து, மார்பு கதவருகே வரும்வரை உடம்பை இழுக்க வேண்டும். கால் கதவை நெருங்க நெருங்கக் கஷ்டம் கூடும். நாம் இழுக்கும்போது கதவு இன்னும் இறுகச் சாத்திக்கொள்ளும் பக்கமாகப் பார்த்து நிற்க வேண்டும். மறுபக்கம் நின்றால் கதவு திறந்து மல்லாக்க விழுவீர்கள். தாழ்ப்பாளும் போட்டுவிடுங்கள், உள்ளே குழந்தைகள் இருந்தால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இந்த மூன்றையும் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொன்றும் மூன்று சுற்று. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மற்ற நாட்களில் நடை. மொட்டை மாடி இருந்தால் விடியற்காலை அங்கே செய்வது சுகம், வெயில் ஏறிவிட்டால் கை வைக்க முடியாது.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைப் பார்க்காமல் சோற்றைக் குறைக்கவே கூடாது. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ பழைய அளவிலேயே எடுத்துக்கொண்டு மாவுச்சத்தை மட்டும் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். டாபாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின் வகை மாத்திரைகளோடு மாவுச்சத்தை ரொம்பக் குறைத்தால், ரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோஅசிடோசிஸ் ஆபத்து உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பக்கமே வர வேண்டாம். மற்றவர்கள் ஆரம்பிக்கும் முன் கொலஸ்ட்ரால், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான டெஸ்ட்) பார்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். சிலருக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் நன்றாகவே ஏறும்.

நீங்கள் சைவம் என்றும் எழுதியிருக்கிறீர்கள், முட்டை மட்டும் பரவாயில்லை என்று. உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 95 கிராம் புரதமாவது வேண்டும். நாலு முட்டையில் 24, பனீர் 200 கிராமில் 36, கெட்டித் தயிர் ஒரு பெரிய கிண்ணத்தில் 8, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7, மதியம் கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம் 8. கூட்டினால் 83 வருகிறது. மீதிக்கு இன்னும் இரண்டு முட்டை சேர்த்துக்கொள்ளுங்கள். பருப்பை மட்டும் நம்பி 95-ஐ எட்டப் பார்த்தால் அதோடு வரும் மாவுச்சத்திலேயே 100 கிராம் கணக்கு தாண்டிவிடும்.