ஆப் டாக்ஸியில் விபத்து: இழப்பீட்டை யாரிடம் கேட்பது?

மலைப்பாதையில் ஆப் வழியாக டாக்ஸி எடுத்துப் போகையில் விபத்தில் சிக்கியவர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: குன்னூரிலிருந்து கோவை விமான நிலையத்துக்கு ஆப்பில் டாக்ஸி பிடித்துப் போனாள் என் தங்கை. பர்லியாருக்கு மேலே வண்டி தடுப்புச் சுவரில் மோதி, அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. வயது 38. தையல் தொழில், மாதம் 12,000 ரூபாய் வரும். "பிரேக் பிடிக்கல, என் மேல தப்பில்ல. போலீசுக்குப் போகாதீங்க, ஆஸ்பத்திரி செலவை நான் பாத்துக்கறேன்" என்கிறார் டிரைவர். இழப்பீட்டை ஆப் கம்பெனியிடம் கேட்பதா, வண்டியின் இன்சூரன்ஸிலா?
*ஒரு வாசகி, வெலிங்டன்*

பதில்: டிரைவர் சொன்னதைக் கேட்டு நாளைக் கடத்தாதீர்கள். முதல் தகவல் அறிக்கை இல்லாத விபத்தை இன்சூரன்ஸ் கம்பெனி நடக்கவே இல்லை என்று வாதிடும். சம்பவ இடம் எந்தக் காவல் நிலைய எல்லை என்ற குழப்பமும் வேண்டாம். எந்த நிலையத்தில் கொடுத்தாலும் புகாரைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். 2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு நடந்த விபத்துகளில், போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாளில் விரிவான விபத்து அறிக்கையையும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அவற்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வண்டி எண், பாலிசி எண், லைசென்ஸ் எல்லாம் அதில் இருக்கும்.

பிரேக் விஷயத்துக்கு வருவோம். மலை இறக்கத்தில் இரண்டாம் கியரில் இறங்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் சூடேறும், பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டும். பிறகு மிதித்தால் பஞ்சு போல அமுங்குமே தவிர வண்டி நிற்காது. வண்டி ஆறிய பின் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கும்போது பிரேக் சரியாகவே வேலை செய்யும். 'பிரேக் நல்ல நிலையில் உள்ளது' என்று அவர் எழுதினால் அது உங்கள் தங்கைக்குத்தான் சாதகம். கோளாறு ஓட்டிய விதத்தில் என்று ஆகும். நிஜமாகவே பிரேக் பழுது என்று வந்தாலும் உரிமையாளர் தப்ப முடியாது. வண்டியைப் பழுது பார்த்துப் பராமரித்ததை அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: முதலில் பொறுப்பேற்க வேண்டியது வண்டியின் மூன்றாம் நபர் (தர்ட் பார்ட்டி) பாலிசி, அதாவது வண்டியால் பிறருக்கு வரும் பாதிப்பை ஏற்கும் கட்டாயக் காப்பீடு. மஞ்சள் போர்டு டாக்ஸி என்றால் பயணிகள் அந்தக் கட்டாய பாலிசிக்குள் வந்துவிடுவார்கள். டிரைவர், உரிமையாளர், வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். ஆப் கம்பெனியையும் சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். பயணிக்கென்று ஆப் கம்பெனி தனியாகப் பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அது வேறு கணக்கு. அதற்குப் பெரும்பாலும் சில நாள் கெடுவே இருக்கும் என்பதால், ஆப்பின் உதவிப் பகுதியில் எழுத்தில் புகார் செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்றே சேமிக்க வேண்டியவை: பயண எண், டிரைவர் பெயர், வண்டி எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட், மின்னஞ்சலுக்கு வந்த ரசீது, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு பில்லின் அசல். வெளியூர் வண்டி என்றால், 2024 மே முதல் மலைக்கு வர எடுக்க வேண்டிய இ-பாஸிலும் வண்டி எண் இருக்கும். தையல் வருமானத்துக்கு வங்கிப் பதிவு, துணிக்கடை ஆர்டர் நோட்டு என்று எது இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

பலர் ஏமாறுவது இனிதான். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 164-இன் கீழ் தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், உயிரிழப்புக்கு 5 லட்சம் கிடைக்கும். எலும்பு முறிவு கொடுங்காயம்தான். இன்சூரன்ஸ் கம்பெனி இதைத் தர முன்வரும்போது வாங்கிக் கையெழுத்திட்டால் தவறை நிரூபித்து முழு இழப்பீடு கேட்கும் பிரிவு 166 மனு அத்தோடு முடிந்துபோகும். உங்கள் தங்கைக்கு 166-இல் என்ன வரும் என்று பாருங்கள். மாதம் 12,000. சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 16,800. ஆண்டுக்கு 2,01,600. 36 முதல் 40 வயதுக்கான பெருக்கெண் (ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்பப் பெருக்கும் எண்) 15, ஆக 30,24,000. கத்தரியும் ஊசியும் பிடிக்கும் கையின் குறைவால் சம்பாதிக்கும் திறன் 20 சதவீதம் போனதாகத் தீர்ப்பாயம் ஏற்றால் 6,04,800 ரூபாய். சிகிச்சைச் செலவு, வேதனைக்கான தொகை, துணைக்கு இருந்தவர் செலவு, மனு போட்ட நாளிலிருந்து வட்டி எல்லாம் இதற்கு மேல்.

அந்த 20 சதவீதம்தான் வழக்கின் உயிர். மருத்துவக் குழு கைக்குத் தரும் ஊனச் சதவீதம் வேறு, தொழிலுக்கு வரும் பாதிப்பு வேறு என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தையல்காரருக்கு மணிக்கட்டு போவதும் ஆசிரியருக்குப் போவதும் ஒன்றல்ல. இதை மருத்துவர் சாட்சியத்தில் சொல்ல வைப்பது வக்கீலின் வேலை.

மனு போடக் கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம். இந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயம் மட்டுமல்ல, தங்கை வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் மனு போடலாம். கோவைக்கு அலைய வேண்டியதில்லை. பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். "வர்ற தொகையில் இவ்வளவு பங்கு" என்று பேசும் வக்கீல் வேண்டாம். பார் கவுன்சில் விதி அதைத் தடை செய்கிறது.

கேள்வி: புக் ஆனதும் டிரைவர் கூப்பிட்டு, "ஆப்ல கேன்சல் பண்ணிட்டு அதே காசைக் கையில குடுங்க" என்றார். ஒப்புக்கொண்டோம். வந்தது வெள்ளை போர்டு கார். கோத்தகிரி ரோட்டில் கவிழ்ந்து என் அப்பாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. "நண்பர் சும்மா லிஃப்ட் கொடுத்தார்னு சொல்லுங்க" என்று டிரைவர் கெஞ்சுகிறார்.
*ஒரு வாசகர், உதகை*

பதில்: அப்படிச் சொல்லாதீர்கள். உங்கள் போனில் கேன்சல் ஆன புக்கிங்கும் டிரைவரின் அழைப்பும் பதிவாகியிருக்கும். குறுக்கு விசாரணையில் அது வெளிவந்தால் நீங்கள் சொன்ன உண்மையும் சேர்ந்து அடிபடும். தவிர, வண்டிக்குத் தர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், சொந்தக் காரில் ஓசியில் வந்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை. அந்தப் பொய் அப்பாவுக்கே பாதகமாக முடியலாம்.

கேன்சல் செய்ததால் ஆப்பின் பயணக் காப்பீடு போய்விட்டது என்றே வையுங்கள். காரின் பாலிசியை வாங்கிப் பாருங்கள். பேக்கேஜ் பாலிசி (மூன்றாம் நபர் பொறுப்போடு சொந்த வண்டிச் சேதத்தையும் ஏற்பது) என்றால் உள்ளே இருப்பவர்களுக்கும் பொருந்தும். வாடகைக்கு ஓட்டியது பாலிசி மீறல் என்று கம்பெனி எதிர்க்கும்தான். ஆனால் பெர்மிட் இல்லாத வண்டி மோதியதற்காக, பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி முதலில் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொன்னதை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. இந்தத் தீர்ப்பை வக்கீலிடம் எடுத்துச் சொல்லுங்கள்; பயணி வழக்கில் பாலிசி வகையைப் பொறுத்தே பலன் கிடைக்கும். உரிமையாளரை எதிர்மனுதாரராகச் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

"டிரைவருக்கு பேட்ஜ் (வாடகை வண்டி ஓட்டும் அனுமதி) இல்லை, வெறும் எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ்தான்" என்ற காரணத்தையும் எடுப்பார்கள். 7,500 கிலோவுக்குள் எடையுள்ள வாடகை வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது.

கேள்வி: மூடுபனியில் நாங்கள் போன டாக்ஸியும் எதிரே வந்த லாரியும் மோதின. இரண்டு டிரைவரும் ஒருவரையொருவர் கைகாட்டுகிறார்கள்.
*ஒரு வாசகி, கோத்தகிரி*

பதில்: பயணியான உங்கள் மேல் தவறில்லை. எனவே இரண்டு வண்டியில் எதனிடமும் முழுத் தொகையைக் கேட்கலாம் என்பது 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு கம்பெனிகளையும் சேருங்கள். பங்கு பிரிப்பது அவர்கள் பாடு. பனி ஒரு சாக்காகாது. பனி இருந்தால் வேகத்தைக் குறைப்பது ஓட்டுபவரின் கடமை.

கேள்வி: நான் ஆப்பில் ஓட்டும் டிரைவர், வண்டி முதலாளியுடையது. இரவில் காட்டெருமை குறுக்கே வந்து பள்ளத்தில் இறங்கினேன். காலில் முறிவு. எனக்கு என்ன வழி?
*ஒரு வாசகர், கூடலூர்*

பதில்: எதிர் வண்டி இல்லை என்பதால் மூன்றாம் நபர் வழக்கு உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் சம்பளத்துக்கு ஓட்டுபவர் நீங்கள் என்றால் பணியாளர் இழப்பீடு கேட்கலாம். கெடு 2 ஆண்டு. அந்தப் பொறுப்பையும் வண்டியின் கட்டாய பாலிசி ஏற்கும். நீங்கள் சம்பள டிரைவர் என்பதற்கு முதலாளி பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் செய்தி ஆகியவைதான் ஆதாரம். வாடகைக்கு எடுத்து, நாள் தொகை கட்டி ஓட்டுகிறீர்கள் என்றால் இந்த வழி சிக்கலாகும். அதனால் ஒப்பந்தத்தை முதலில் வக்கீலிடம் காட்டுங்கள்.

15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, உரிமையாளரே ஓட்டினால் மட்டும்தான். அதிலும் உயிரிழப்புக்கும், கை கால் அல்லது பார்வை போவதற்கும், நிரந்தர முழு ஊனத்துக்கும்தான் பணம். எலும்பு முறிவுக்குக் கிடைக்காது. ஆப் கம்பெனிகள் ஓட்டுநருக்கு 5 லட்சம் மருத்துவக் காப்பீடும் 10 லட்சம் ஆயுள் காப்பீடும் எடுக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2025 வழிகாட்டுதல் சொல்கிறது. ஆப்பில் உங்கள் பக்கத்தில் காப்பீட்டுச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதுங்கள். வண்டியைத் தூக்குவதற்கு முன் சறுக்கிய தடம், பள்ளம், வண்டி நின்ற நிலை ஆகியவற்றைப் படம் எடுத்து வைத்திருந்தால் முதலாளியின் பேக்கேஜ் பாலிசியில் வண்டிச் சேதத்துக்கும் அதே படம் உதவும்.