பாயின்செட்டியா ஏன் சிவக்கவில்லை?

கேள்வி: அக்கா, போன கிறிஸ்துமஸுக்கு ஒரு பாயின்செட்டியா தொட்டி வாங்கினேன். தலை நிறைய சிவப்பு. கொஞ்ச நாளில் அதெல்லாம் உதிர்ந்து, இப்போது இடுப்புயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நிற்கிறது. நவம்பர் முடியப்போகிறது, ஒரு இலைகூட சிவக்கவில்லை. பால்கனியில்தான் இருக்கிறது, உரமும் வைக்கிறேன். என்ன குறை? - வாசகி, திருச்சி

பதில்: உரத்தில் குறை இல்லை. உங்கள் பால்கனியில் ராத்திரி எத்தனை மணி வரை விளக்கு எரிகிறது? எதிரே தெருவிளக்கு உண்டா? அதைப் பாருங்கள் முதலில்.

இது மெக்சிகோ செடி. 1828-இல் அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த பாயின்செட் தன் ஊருக்கு அனுப்பிவைத்ததால் அவர் பேரே ஒட்டிக்கொண்டது. இரவு நீளும்போதுதான் மொட்டு வைக்கும். சிவப்பின் நடுவே மிளகு அளவில் மஞ்சள் கிண்ணங்கள் இருந்திருக்குமே, அவைதான் பூ. சுற்றிலும் இருப்பது இலை. மொட்டு பிடித்தால்தான் அந்த இலை நிறம் மாறும். அதற்கு எட்டுப் பத்து வாரம், தினமும் 12 மணி நேரத்துக்குக் குறையாத இருட்டு வேண்டும். 14 மணி நேரம் கிடைத்தால் ரொம்ப நல்லது. நடுவில் விளக்கைப் போட்டால் செடிக்கு அது நீண்ட இரவாகத் தெரியாது.

ஏற்காட்டில் எங்கள் தெரு முனையில் விளக்குக் கம்பத்தை ஒட்டி ஒரு பெரிய புதர் இருக்கிறது. டிசம்பரில் அதன் பின்பக்கம் ரத்தச் சிவப்பு, விளக்கைப் பார்த்த பக்கம் முழுப் பச்சை. ஒரே வேர்தான்! பார்க்கிறவர்களிடம் எல்லாம் அதைக் காட்டாமல் விடமாட்டேன்.

சரி, இப்போதே ஆரம்பியுங்கள். சாயந்தரம் ஐந்து மணிக்குப் பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடி, காலை ஏழு மணிக்கு எடுத்துவிடுங்கள். ஒரு நாளும் விடக்கூடாது. பகலில் நல்ல வெயில் பட வேண்டும். இந்தக் கிறிஸ்துமஸுக்குச் சிவக்காது, பிப்ரவரியில் பார்க்கலாம். அடுத்த வருஷம் அக்டோபர் முதல் வாரமே மூடத் தொடங்குங்கள். ராத்திரியும் புழுக்கமாக இருந்தால் நிறம் தாமதப்படும், அதனால் மலையைவிடத் திருச்சியில் கொஞ்சம் பிந்தலாம்.

உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். விற்கிற தொட்டிகளுக்குப் பெரும்பாலும் வளர்ச்சியை அடக்கும் மருந்து கொடுத்திருப்பார்கள். அது தீர்ந்ததும் செடி தன் இயல்புக்கு வளர்கிறது. சிவப்பு உதிர்ந்த பிறகு அடியில் அரை அடி விட்டு மேலே இருப்பதை வெட்டிக் கவாத்து செய்யுங்கள். அப்புறம் ஆகஸ்ட் வரை நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை நிறைய வரும்.

கேள்வி: பாயின்செட்டியா விஷச் செடியா? வீட்டில் குழந்தை இருக்கிறது. - வாசகர், நாகர்கோவில்

பதில்: பயப்படும் அளவுக்கு இல்லை. ஒடித்தால் வரும் பால் தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் எரியும். இலையை மென்றால் வாந்தி வரலாம். தொட்டியைக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கவாத்து செய்யும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.